யாழ் வந்துவிட்டது, வாசிப்பு எங்கே?

இரண்டாயிரம் ஆண்டு யாழுக்கு உயிர் வந்துவிட்டதாகப் பத்திரிகைகளும் யூடியூபும் சில காலமாகக் கொண்டாடுகின்றன. சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்யும் தருண் சேகரின் யாழ்தான் இந்த உற்சாகத்துக்குக் காரணம். நல்ல வேலைப்பாடு, மறுப்பில்லை. ஆனால் உயிர் என்ற சொல்தான் இடறுகிறது. கருவி கைக்கு வந்திருக்கிறது. கைவழி இன்னும் வரவில்லை.

பத்துப்பாட்டின் பாணர்கள், சிலம்பின் மாதவி, சம்பந்தருடன் நடந்த நீலகண்ட யாழ்ப்பாணர் என்ற வரிசை எல்லோரும் அறிந்தது. பிறகு வீணை வந்தது. யாழ் உரையாசிரியர்களின் வசமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அதை மீட்கப் போராடிய இருவரில் ஒருவரைத் திண்டுக்கல்லே மறந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிக்காக இங்கே வந்த ஆபிரகாம் பண்டிதர், சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றதும் இந்த ஊரில்தான். தஞ்சாவூருக்குப் போனபின் 1917இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’, ஆயப்பாலை, வட்டப்பாலை எனும் பழந்தமிழ்ச் சுரக் கணக்குகளை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் அலசுகிறது. மற்றவர் விபுலானந்தர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சுருதி இருபத்து நான்கா, இருபத்திரண்டா என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டு பெருநூல்களிலும் நரம்புக்குக் கிடைத்த கவனம் விரலுக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் விரலைப் பற்றி இளங்கோவே பேசியிருக்கிறார். கானல்வரியில் எட்டு இசைக்கரணங்களைப் பெயர் சொல்லித் தருகிறார்: வார்தல், உந்தல், தெருட்டல் என்று போகிறது பட்டியல். இன்றைய யாழ்ப் பாடல்களில் கேட்பதோ பெரும்பாலும் கிதார் பழகிய கையின் மீட்டல். கண்ணை மூடிக்கொண்டால் யாழென்று சொல்வது கடினம்.

அயர்லாந்தும் இந்தச் சிக்கலைப் பார்த்ததுதான். 1792இல் பெல்ஃபாஸ்டில் கூடிய ஹார்ப் கலைஞர்களிடம் பத்தொன்பது வயது எட்வர்ட் பண்டிங் மெட்டுகளைக் கேட்டு எழுதினார். உலோகக் கம்பியை நகத்தால் மீட்டும் பழைய முறையில் வாசித்தவர் தொண்ணூறைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே. அவரோடு அந்தக் கைவழி போயிற்று. ஹார்ப் வரவேற்பறைப் பதுமையாயிற்று. 1970களில் மோய்ரா நி கஹஸி அதை நாட்டார் இசைக்குள் திரும்ப இழுத்தார். பழஞ்சுவடியை மட்டும் நம்பி உட்காராமல், ஃபிடிலிலும் துருத்திக் குழலிலும் உயிரோடிருந்த அசைவுகளை ஹார்ப் நரம்புக்கு ஏற்றினார். பிரிட்டனியின் ஹார்ப் கலைஞர் ஆலன் ஸ்டிவெலுக்குப் புகழ் அதிகம். காதுக்கு நியாயம் செய்தவர் மோய்ராதான்.

நமக்கு அப்படி உயிரோடிருக்கும் உறவு எங்கே? மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லாப் பகுதியில் பர்தான் பாடகர்கள் வாசித்த பின்பாஜா என்ற வில்யாழை, 1985இல் ரோடெரிக் நைட் இசையுலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதைவிட நெருக்கமான உறவு பர்மாவில் இருக்கிறது: சவுங் என்ற வில்யாழ். சம்மணமிட்டு, சவுங்கை மடியில் வைத்து, வலக்கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மீட்டுவார்கள். இடக்கைப் பெருவிரல் உட்பக்கத்திலிருந்து நரம்பை நெருக்கிச் சுருதியை ஏற்றும். வளைந்த கழுத்தில் நரம்புகளை இறுக்கிக் கட்டியிருக்கும் சிவப்புக் கயிறுகளைப் பார்த்தால், சங்கப் பாடல்களின் திவவு எனும் நரம்புக்கட்டு கண்முன் நிற்கும். மேலே போர்த்திய தோலும் அப்படியே. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அத்தோ என்ற நூடுல்ஸ் உணவைக் கொண்டுவந்து சென்னைத் தெருவில் விற்றார்கள். சவுங்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள்!

யாழ் செய்ய இனி ஆள் கிடைப்பார்கள். வாசிக்க விரும்பும் இளைஞர்களில் ஓரிருவரையாவது யாங்கூனில் ஒரு சவுங் ஆசிரியரிடம் அனுப்பி, திரும்பியதும் ஓர் ஓதுவார் பக்கத்தில் உட்காரவைத்துப் பண் பழக்க வேண்டும். தேவாரப் பண்கள் இன்று கர்நாடக ராகங்களாகவே ஒலிக்கின்றன என்ற ஆட்சேபம் வரும். வரட்டும், ஓதுவாரின் இழைப்பும் நிறுத்தமும் கிதார் கார்டில் கிடைக்காதவை. இசைப் பல்கலைக்கழகம் ஒன்று ஐந்தாண்டு உதவித்தொகை ஒதுக்கினால் போதும், தொடங்கிவிடலாம்.