மூன்று தலைமுறைக்கும் ஒரு பெட்டி

வெளிநாட்டுப் பிள்ளைகளும் பேரர்களும் வந்து கூடினால் கண்டியில் ஒரு கேள்வி எழும்: மலையை எதிலிருந்து பார்ப்பது? பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்கியதுண்டு. வானிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரும், 122 மீற்றர் உயர விக்டோரியா அணையும் கண்ணில் விரியும். ஆசை வருவது நியாயமே.

என் தெரிவு கோச்சிதான். 1867இல் கண்டியை எட்டிய பாதை இது. ரம்புக்கனை தாண்டியதும் 45 அடிக்கு ஓர் அடி என்று ஏறத் தொடங்கும். சுரங்கம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கூவுவார்கள். இருள் விலகினால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கின் வயல்கள், தூரத்தில் பைபிள் பாறை என்று பெயர்பெற்ற பத்தலேகல. சிறு விமானத்தின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. கோச்சியிலோ தாத்தா தன் தோட்டத்து நாட்களைச் சொல்ல, பேரன் மடியில் இருந்து கேட்கலாம். நடுவில் வடைக்காரரும் வருவார். கடுகண்ணாவை ஏற்றத்தில் அது மெல்ல ஊர்வதே பெரும் கொடை.

கொழும்பிலிருந்து வருவோர் வலப்பக்க யன்னலைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறைக் காலமென்றால் ஆசனங்களை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.