வெட்கமும் தூரமும்: ஸ்ரைன்பேர்க்கின் நூல் பற்றி ஒரு நோக்கு

மருந்து ஊருக்குள் வந்து சேர்ந்த பின்னரும் மனிதர் ஏன் அதனை நாடி வருவதில்லை? தென்னாபிரிக்க எழுத்தாளர் ஜொனி ஸ்ரைன்பேர்க் 2008இல் வெளியிட்ட 'த்ரீ லெற்றர் பிளேக்' என்னும் ஆங்கில நூல் இவ்வினாவைச் சுற்றியே எழுதப்பட்டதாகும். களம், கிழக்கு கேப் மாகாணத்தின் வறிய பிரதேசமான லுசிகிசிகி. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு 2003இல், அங்குள்ள அரசாங்க வைத்தியசாலையையும் பன்னிரண்டு கிராமச் சிகிச்சை நிலையங்களையும் பற்றுக்கோடாகக் கொண்டு எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கிற்று. ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விலைபோன மருந்தை, 2001இல் மும்பாயின் சிப்லா நிறுவனம் 350 டொலருக்கு அவ்வமைப்புக்குத் தர முன்வந்திராவிடின் இத்தகைய முயற்சி நினைத்தற்கும் அரிதாயிருந்திருக்கும். நோய்க்கும் வைரசுக்குமுள்ள தொடர்பையே ஐயுற்ற ஜனாதிபதி தாபோ ம்பெக்கியின் அரசு, பொதுத்துறையில் இச்சிகிச்சையை வழங்கும் திட்டத்துக்கு 2003 நவம்பரிலேயே இணங்கிற்று.

நூலில் இரு பாத்திரங்கள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. ஒருவர் வைத்தியர் ஹேர்மன் றொயிற்றர். நல்ல சிகிச்சையை வீட்டுக்கு அண்மையில் கொண்டுவந்து வைத்தால் மக்கள் வருவர் என்பது அவர் துணிபு. மற்றவன் சிஸ்வே என்று புனைபெயரிடப்பட்ட இளைஞன். சிறு கடை நடத்துபவன். மருந்தின் பயனை அறிந்தும் இரத்தப் பரிசோதனைக்கு உடன்படத் தயங்குபவன். ஊரின் பொறாமைக் கண்ணுக்கு அவன் அஞ்சுகிறான். அவ்வச்சத்தை மூடநம்பிக்கையென ஒதுக்காது, அதன் உள்நியாயத்தைப் பொறுமையோடு காட்டியமையே ஸ்ரைன்பேர்க்கின் பெருஞ்சாதனை எனலாம்.

நூலின் மிகச் சிறந்த பகுதி, கிராமத்திலே பரிசோதனை நடந்த நாளைப் பற்றியது. முடிவை அறியச் சென்றவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை வெளியே நின்றோர் கணக்கிட்டனர். விரைவில் திரும்பியவர் தப்பினார். நெடுநேரம் ஆலோசனை பெற்றவருக்கு நோய் உண்டு. ஒரு சொல்லும் கசியாமலே இரகசியம் ஊரறிந்ததாயிற்று.

ஆயின் இக்காட்சியின் முழுப்பொருளையும் நூலாசிரியர் பின்தொடர்ந்தாரல்லர். வெட்கத்தை மனத்தின் அடியாழத்தில் தேடுகிறார். அன்றைய வெட்கமோ கதவருகே, பணி ஒழுங்கிலே பிறந்தது. எல்லோரையும் ஒரே அளவு நேரம் உள்ளே இருத்தியிருந்தால் ஊரார் எதனைக் கணக்கிட்டிருப்பர்? வழங்கலா, வெட்கமா என்ற நூலின் விவாதம் இவ்விடத்தில் தளர்ந்துபோகிறது.

2007இல் வெளியான லுசிகிசிகித் தரவுகளும் இதனையே உணர்த்துகின்றன. ஓராண்டு முடிவில் சிகிச்சைத் தொடர்பற்றுப் போனோர் வைத்தியசாலையில் ஏறத்தாழ 19 வீதம். கிராம நிலையங்களிலோ 2 வீதமளவே. தூரமும், தாதியரும், தாமே நோயுடன் வாழ்ந்த ஆலோசகரும் செய்த வேறுபாடு இது. மருந்து பெற்ற ஈராயிரத்துக்கு மேற்பட்டோரைக் காட்டிலும் வராத ஒருவனுக்கே நூல் தன் ஆழத்தை ஈந்துவிட்டது. குறிப்பாக, கர்ப்ப காலத்தில் நிலையத்துக்கு வந்தேயாக வேண்டிய பெண்கள், ஓர் ஆணின் தயக்கத்துக்குப் பின்னே மங்கலாகவே தெரிகின்றனர். நூலாசிரியர் தன் அந்நியத்தன்மையை ஒளிக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும்.

2006இல் அவ்வமைப்பு பொறுப்பனைத்தையும் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடம் கையளித்தது. அந்நிய உதவி விலகும்போது எது எஞ்சும் என்ற கேள்வி இன்று மேலும் கூர்மையடைந்துள்ளது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, தென்னாபிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் ஏறத்தாழ 17 வீதம் அந்நாட்டின் நிதியாயிருந்தது. மருந்தைப் பெரும்பாலும் அரசே வாங்கி வந்தமையால் அது நின்றுவிடவில்லை. வேலையிழந்தோர் ஆலோசகர்களும், சிகிச்சையை விட்டவரைத் தேடி வீடு வீடாகச் சென்றோருமாக ஆயிரக்கணக்கினர். சிஸ்வே போன்றவனின் வாசலுக்கு மீண்டும் மீண்டும் சென்றிருக்கக்கூடியவர்கள் அவர்களே.