ஏற்காட்டில் ஒரு மெக்ஸிகன் தட்டு: எது அசல், எது சோம்பேறித்தனம்?

நாச்சோஸ் ஒரு எல்லை ஊர்ப் பண்டம். மெக்ஸிகோவில் பியெத்ராஸ் நெக்ராஸ்னு ஓர் ஊர். ஆற்றைத் தாண்டினால் அமெரிக்காவின் டெக்சஸ். 1940களின் தொடக்கத்தில் அக்கரையிலிருந்து சில பெண்கள் அங்கே ஓர் ஓட்டலுக்கு வந்து சாப்பிட ஏதாவது கேட்டாங்களாம். சமையல்காரர் இல்லை. அங்கே வேலை பார்த்த இக்னாசியோ அனாயா, கைக்குக் கிடைத்த டோர்டியாவை வெட்டிப் பொரித்து, மேலே சீஸும் ஹாலபேன்யோ மிளகாயும் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் 'நாச்சோ'.

ஓசூர்க்காரங்களுக்கு இந்தக் கதை சட்டுனு புரியும். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே தெருவில் கேட்கும். இங்கே களி, அந்தப் பக்கம் போனால் அதே உருண்டை முத்தே. மெக்ஸிகோ தன் வடக்கு எல்லையில் தொழிற்சாலைகளைக் கொண்டுவரும் திட்டத்தை 1965இல் தொடங்கியது. ஓசூர் சிப்காட் 1970களில் வந்தது. எல்லையில் ஆலை வந்தால் பல ஊர் ஆட்கள் வருவாங்க, அவங்களோட சாப்பாடும் வரும், கலக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கு. நம்ம ஊர் மெக்ஸிகன் உணவைப் பற்றிப் பேசும்போது பலரும் 'இது அசல் இல்லை'னு ஒரே வரியில் முடிச்சிடுறாங்க. அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நாச்சோஸே அவசரத்துக்குச் செய்ததுதான். கேள்வி வேற: கையில் இருப்பதைப் பார்த்துச் சமைச்சாங்களா, பார்க்காமலே சமைச்சாங்களா?

ஓசூரிலிருந்து வார இறுதிக்கு ஏற்காடு போறவங்க அதிகம். கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. அங்கே ஒரு ரிசார்ட்டில் தனியாக மெக்ஸிகன் உணவகம் நடத்துறாங்க. பெயர் வேண்டாம், ஏன்னா இது ஒரு இடத்தின் குறை மட்டும் இல்லை; மலை ரிசார்ட் மெனுக்கள் பலவும் இப்படித்தான். சுவரில் கள்ளிச்செடி ஓவியம், பரிமாறும் தம்பிக்குத் தலையில் அகலத் தொப்பி. தட்டில் வந்தவை: மைதா சப்பாத்திக்குள் கெச்சப் ஊற்றிய ராஜ்மா, குடைமிளகாய் போட்ட சிவப்புச் சோறு, பாக்கெட் சிப்ஸ் மேல் மஞ்சள் சீஸ் குழம்பு, ஒரு கிண்ணம் குவாக்கமோலி.

குவாக்கமோலியில் ஒரு புளிச்ச மருந்து வாடை. "தம்பி, இந்தப் பட்டர் ஃப்ரூட் எங்கிருந்து வருது?"ன்னு கேட்டேன். "பாக்கெட்ல வருது சார், பெங்களூர்ல இருந்து"ன்னார். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்குது. சீசனில் சாலையோரத்திலேயே கூறு கட்டி விற்பாங்க. அதே மலையில் உட்கார்ந்துகிட்டு, கீழேயிருந்து ஏறி வந்த பாக்கெட் பசையைச் சாப்பிடுறோம். எனக்கு வருத்தம் இதில்தான். ருசி போனது ஒரு பக்கம். அந்தக் காசு மலைக்காரங்க கைக்குப் போகாதது இன்னொரு பக்கம்.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம். மிளகாய் மெக்ஸிகோ பக்கத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தது. மிளகு தெரிந்த நாம் அதே காரத்தை வைத்து மிளகாய்னு பேர் வெச்சோம். சப்போட்டாங்கிற பெயரின் வேர் அங்கே பேசும் நாவாட்டில் மொழியில் இருக்கு. நாம் பெங்களூர் கத்திரிக்காய்னு சொல்ற சௌசௌவும் அந்தப் பக்கத்துக் கொடிதான். மெக்ஸிகோவின் பச்சை சல்சாவுக்குப் போடும் தொமாத்தியோ, நம்ம வயல் வரப்பில் களையாக முளைக்கும் சொடக்குத் தக்காளிக்குச் சொந்தம். ரெண்டுக்கும் மேலே காகிதம் மாதிரி ஓர் உறை. அவங்க மெத்தாத்தே கல்லைப் பார்த்தால் நம்ம அம்மி மாதிரியே இருக்கும். இவ்வளவு உறவு இருந்தும் தட்டில் ஒன்றுகூடத் தெரியலை.

நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டது ஒன்று உண்டு: சுண்ணாம்பு. மெக்ஸிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பாங்க. தோல் கழன்று வரும், மாவு ஒட்டும், பிடிபட்டுக் கிடக்கும் நியாசின் சத்து உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பா சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்டது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பெல்லாக்ரா நோய் வந்தது. சமையல் முறை இல்லாமல் பொருளை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்னு சொல்ல இதைவிட உதாரணம் வேண்டாம். வெற்றிலைக்குத் தினமும் சுண்ணாம்பு தடவின ஊர் இது. மக்காச்சோளமும் விளையுது, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகுது. அந்த டோர்டியாவைச் செய்து பார்க்க வெளியூர்ச் சரக்கு எதுவும் தேவையில்லை.

நியாயமாக ஒன்று சொல்லணும். அன்றைக்குத் தட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிவப்பு சல்சா இருந்தது. கருக வாட்டின தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை. பிரமாதம். விசாரித்தால், சமையலறையில் இருந்த சேலத்துக்காரர் தன் வீட்டுச் சுட்ட தக்காளிச் சட்னியில் எலுமிச்சை பிழிந்து அனுப்பியிருக்கார். மெக்ஸிகோவில் கொமால் என்ற தட்டையான கல்லில் தக்காளியைச் சுட்டு அரைப்பதும் இதே வேலைதான். மெனுவைப் பார்க்காமல் செய்த அந்தக் கிண்ணம்தான் மெக்ஸிகோவுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது.

2010இல் மெக்ஸிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பெங்களூரில் டாகோ பெல் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. நம்ம ரிசார்ட்டுகள் பார்த்துப் பழகியது இரண்டாவதை. சங்கிலிக் கடைக்கு எல்லா ஊரிலும் ஒரே ருசி வேணும், அது அவங்க வியாபாரம். ஒரு மலையில் ஒரே ஒரு சமையலறை வைத்திருக்கிறவங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவங்களும் அதையே காப்பியடிப்பதற்கு நான் வைத்த பேர்தான் தலைப்பில் இருக்கு.

ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை விழும்போது பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுடுறாங்க. மிளகாய், தக்காளி, மாங்காய், மக்காச்சோளம், கொத்தமல்லி எல்லாம் மலையடிவாரத்தில் சில மணி நேர தூரத்துக்குள் இருக்கு. அடுத்த தடவை மலை மேல் மெக்ஸிகன் சாப்பிடப் போனால், 'இது அசலா?'ன்னு கேட்காதீங்க. 'இதில் எது இந்தப் பக்கம் விளைஞ்சது?'ன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டால் மெனு எழுதுறவர் காதிலும் விழும்.