வந்தவாசிப் போரும் 'குறி தப்பாத' வெள்ளைக்காரனும்

வந்தவாசிப் போரைப் பத்தி யாரிடம் பேசினாலும் ஒரு வரி வந்துவிடும்: "இங்கிலீஷ்காரன் துப்பாக்கி தூரத்துலேயே குறி தப்பாம சுடும், அதான் ஜெயிச்சான்." கோட்டையைச் சுத்திக் காட்டுபவர்கள் சொல்கிறார்கள். யூடியூபிலும் இதுதான் ஓடுகிறது. இந்தக் கதையில் எனக்கு உடன்பாடு இல்லை.

1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் படையிடம் இருந்தது மஸ்கட். ரைபிள் அல்ல. ரைபிளின் குழாய்க்குள் சுருள் வரிகள் உண்டு. குண்டு சுழன்று நேராகப் போகும். மஸ்கட்டின் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். குழாயின் விட்டம் சுமார் 19 மி.மீ., குண்டு சுமார் 17.5 மி.மீ. அந்த இடைவெளியில் குண்டு முட்டி மோதி, கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ப விலகிப் போகும். பின்பக்கக் குறிமுள்ளும் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. குண்டின் வேகம் விநாடிக்கு 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையே இல்லை என்றாலும் 50 மீட்டரில் குண்டு 6 செ.மீ. இறங்கும், 200 மீட்டரில் கிட்டத்தட்ட 1 மீட்டர். காற்றையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இதற்கு மேல் பக்கவாட்டு விலகல் வேறு. அந்தத் தூரத்தில் கெட்டிக்காரன் சுட்டாலும் கத்துக்குட்டி சுட்டாலும் பலன் ஒன்றுதான்.

'தூரம் கூடக்கூடத் திறமை தெரியும்' என்பது எப்போதும் உண்மை இல்லை. ஆளைவிடத் துப்பாக்கி துல்லியமாக இருந்தால்தான் அது பொருந்தும். இன்றைய 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மூச்சு கொஞ்சம் பிசகினாலும் புள்ளி போய்விடும். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்தத் தூரத்தில்தான். அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். மஸ்கட்டில் தூரம் அதை மறைத்துவிடும்.

அப்படியானால் வந்தவாசியில் திறமையே இல்லையா? இருந்தது. ஆனால் அது சுடுவதில் இல்லை, சுடாமல் இருப்பதில். பிரெஞ்சு லொரேன் படை பாய்ந்து வந்தபோது, கூட்டின் ஆட்கள் ஏறக்குறைய 50 கஜம் வரை பொறுத்திருந்து ஒரே நேரத்தில் சுட்டார்கள். அப்புறம் கைகலப்பு. பிரெஞ்சுப் பக்கம் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துக் குழப்பம் உண்டானதையும் மறக்கக் கூடாது. அதற்குச் சில மாதம் முன்பு, 1759 அக்டோபரில், சம்பள பாக்கிக்காக லாலியின் வீரர்கள் கலகம் செய்திருந்தார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு ஏன் வாதாடுகிறேன் என்று கேட்கலாம். 'அவன் கண்ணும் கையும் நம்மளவிட மேல்' என்ற எண்ணத்தை அந்தக் கதை நம் பிள்ளைகள் மனசில் விதைக்கிறது. தோற்றதும் ஐரோப்பியப் படைதான். இரண்டு பக்கமும் நம்ம சிப்பாய்கள் இருந்தார்கள். கூலி, கட்டுப்பாடு, தலைமை, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்று சொன்னால் பெருமைக்கதை சின்னதாகிவிடும். ஆனால் நடந்தது அதுதான்.