ஆங்கிலத் தாள் எதை அளக்கிறது? – கல்லூரி மாணவரின் இலக்கிய, இலக்கண, கருத்துப் பரிமாற்றத் திறன்களைத் தேர்வு செய்தல் குறித்து ஒரு மதிப்பீடு

1.0 முன்னுரை

இளநிலைப் பட்ட வகுப்பு மாணவர் எழுதும் பொது ஆங்கிலத் தாள் இந்தியக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூவகை வினாக்களைக் கொண்டது. பாடநூலிலுள்ள கவிதை, கட்டுரை, சிறுகதை பற்றியவை ஒருவகை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுதல், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுதல் போன்ற இலக்கண வினாக்கள் மற்றொரு வகை. கடிதம், உரையாடல், அறிக்கை எழுதுதல் ஆகியவை மூன்றாம் வகை. இம்மூன்றிலும் பெறும் மதிப்பெண்கள் கூட்டப்பெற்று ஒரே எண்ணாகச் சான்றிதழில் இடம்பெறுகின்றன. அவ்வெண் எந்தத் திறனின் அளவு என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. மூவகை வினாக்களும் வழக்கமான வடிவில் கேட்கப்படும்போது அவை தத்தம் திறன்களை விட்டு விலகி, நினைவாற்றல் என்னும் நான்காவது ஒன்றையே அளக்கின்றன என்பதும், இருமொழிச் சூழலில் வாழும் மாணவரின் மொழியறிவைத் தேர்வு பயன்படுத்திக்கொண்டால் இக்குறையைப் பெரிதும் நீக்கலாம் என்பதும் இங்கு நிறுவப்பெறும் கருத்துகள்.

1.1 களம்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். 1911இல் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்ட இம்மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் இணைந்த பின்னரும் எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கி வருகின்றன. சித்தூர் நகரை அடுத்த கங்காதர நெல்லூர் வட்டாரம் இத்தகையது. இங்கிருந்து சித்தூருக்கோ திருப்பதிக்கோ பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவருள் இரு திராவிட மொழிகளையும் பேசுவோர் உண்டு. திருப்பதியில் 1954இல் தொடங்கப்பட்ட திருவேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இப்பகுதியின் உயர்கல்விக்கு மையமாக விளங்குகிறது.

2021–22ஆம் கல்வியாண்டு முதல் ஆந்திர மாநிலப் பட்ட வகுப்புகள் ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டன. எனவே ஆங்கிலத் தேர்ச்சி இம்மாணவர்க்கு ஒரு பாடத்தின் தேர்ச்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வரலாறும் வணிகவியலும் வேதியியலும் அதன் வழியாகவே வந்தாக வேண்டும். ஆங்கிலத் தாள் தவறாக அளந்தால் அதன் விளைவு ஏனைய பாடங்கள் அனைத்திலும் படரும்.

2.0 முக்கூறுகள் வந்த வழி

இலக்கியம், இலக்கணம், உரையாடல் ஆகியவற்றை ஒரே தேர்வில் வைக்கும் வழக்கம் பழமையானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் முதன்முதல் நடத்திய ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வில் மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், வாய்மொழி உரையாடல் ஆகிய அனைத்தும் இடம்பெற்றிருந்தன. அதனை எழுதியவர் மூவர், ஒருவரும் தேறவில்லை.

பின்னர் வந்த கொள்கைகள் இக்கூறுகளை ஒவ்வொன்றாக வலியுறுத்தின. இராபர்ட் லாடோ 1961இல் மொழியை ஒலி, சொல், தொடர் எனப் பிரித்துத் தனித்தனியே அளக்க வேண்டுமென்றார். அதே ஆண்டில் ஜான் கேரல், தனிக்கூறுகளை அளப்பதுடன் முழுமையான மொழிப் பயன்பாட்டையும் அளக்க வேண்டுமென எடுத்துரைத்தார். டெல் ஹைம்ஸ் முன்வைத்த கருத்துப் புலப்பாட்டுத் திறன் என்னும் கோட்பாட்டைக் கேனலும் சுவெய்னும் 1980இல் இலக்கணத் திறன், சமுதாய மொழித்திறன், உத்தித்திறன் என வகுத்தனர். நம் வினாத்தாள் இவற்றுள் எதனையும் முழுமையாகத் தழுவவில்லை. பழைய கூறுகளை நீக்காமலேயே புதிய கூறுகளை அவற்றின்மேல் அடுக்கி வந்துள்ளது.

வினாவின் வகையே வெற்றியாளரைத் தீர்மானிக்கக்கூடும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் இலக்கண விதிகளைக் கற்பிக்காமல் பணிகளின் வழியே ஆங்கிலம் பயிற்றியது. இத்திட்டத்தை பெரெட்டாவும் டேவிசும் மதிப்பிட்டபோது மரபுவழி பயின்றோர் பொதுவாக அமைப்புத் தேர்விலும், திட்ட மாணவர் பணிவழித் தேர்விலும் முன்னின்றனர். எந்தப் பயிற்சிக்கும் சாராத தேர்வுகளும் உடன் வைக்கப்பட்டதனால்தான் திட்டத்தைப் பற்றி முடிவு கூற இயன்றது. கற்பித்ததை அப்படியே திருப்பிக் கேட்கும் தேர்வு கற்பித்தலுக்குச் சான்றாகலாம், மொழித்திறனுக்குச் சான்றாகாது.

3.0 இலக்கண வினாக்கள்

3.1 செயப்பாட்டு வினை

செய்வினைத் தொடர் ஒன்றைத் தந்து செயப்பாட்டு வினையாக்கச் சொல்லும் வினா மிகப் பரவலானது. ‘நான் தண்ணீர் குடித்தேன்’ என்பதைத் தமிழில் ‘தண்ணீர் என்னால் குடிக்கப்பட்டது’ என மாற்றுபவர் இலக்கண விதியை அறிந்தவர். ஆனால் அத்தொடரை எவரும் பேசுவதில்லை. ஆங்கிலத் தாளும் இத்தகைய தொடர்களையே ஆக்கச் சொல்கிறது. செய்தவர் யாரெனத் தெரியாதபோதும், கூற வேண்டாதபோதும், செயப்படுபொருளே பேச்சின் மையமாக இருக்கும்போதும் ஆங்கிலம் இவ்வடிவை நாடுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் ‘படு’ வினையாக்கம் பெரிதும் எழுத்து வழக்கைச் சார்ந்தது. ஆகவே எப்போது மாற்றுவது என்பதே இம்மாணவர் கற்க வேண்டியது. எப்படி மாற்றுவது என்பதை மட்டும் தேர்வு கேட்கிறது.

3.2 அயற்கூற்று

இங்கு நிலைமை இன்னும் மோசமானது. திங்கட்கிழமை காலையில் ஒருத்தி ‘நாளை வருவேன்’ என்கிறாள். அன்று மாலையே அதனைப் பிறரிடம் ஆங்கிலத்தில் கூறுபவர் ‘டுமாரோ’ என்று சொல்வதே பொருத்தம். ஒரு வாரம் கழித்துக் கூறுபவரே ‘தி நெக்ஸ்ட் டே’ எனல் வேண்டும். வினாத்தாளில் கூறும் நேரம் தரப்படுவதில்லை. விடைக்குறிப்போ இரண்டாவதை மட்டுமே ஏற்கிறது. சூழலை எண்ணிப் பார்த்து எழுதும் மாணவர் மதிப்பெண் இழக்கிறார். எண்ணாமல் விதியைப் பின்பற்றுபவர் பெறுகிறார்.

தமிழிலும் தெலுங்கிலும் பிறர் கூற்றை ‘என்று’, ‘அனி’ ஆகிய சொற்களால் இணைப்பது இயல்பு. ‘நான் வருவேன் என்று சொன்னாள்’ என்ற தொடரில் ‘நான்’ சொன்னவளையும் குறிக்கலாம்; அதனைத் திருப்பிக் கூறுபவரையும் குறிக்கலாம். ‘தான் வருவதாகச் சொன்னாள்’ என்பதில் இவ்வையம் இல்லை. கூறுபவர் நோக்குக்கேற்ப இடமும் காலமும் மாறும் என்பதை மாணவர் தம் மொழியில் முன்பே அறிவர் என்பதற்கு இது சான்று. தேர்வு இவ்வறிவைத் தொடுவதே இல்லை.

3.3 பிழையின் மூலம்

‘ஐ ஆம் நோயிங்’ என்னும் வழக்கு தென்னிந்தியரின் பிழையாகச் சுட்டப்பெற்றுத் தாய்மொழிக் குறுக்கீடு எனப் பெயரிடப்படுகிறது. ஆனால் தமிழில் ‘எனக்குத் தெரியும்’ என்றும் தெலுங்கில் ‘நாக்கு தெலுசு’ என்றுமே கூறுகிறோம். இவ்விரு வடிவங்களும் தொடர்நிகழ்வு காட்டுவன அல்ல. ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என இப்பொருளில் எவரும் கூறார். தாய்மொழியை அப்படியே பெயர்த்திருந்தால் இப்பிழை தோன்றியிருக்காது. வகுப்பறையில் ஓயாது பயிற்றப்படும் ஆங்கிலத் தொடர்நிகழ்கால வடிவத்தை மாணவர் வேண்டாத வினைகளுக்கும் நீட்டித்ததன் விளைவாக இதனைக் கொள்வது பொருந்தும். கார்டரும் செலிங்கரும் கற்போர் மொழியை அதற்கே உரிய ஒழுங்குடைய இடைமொழியாகக் கண்டது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. சரி, தவறு என இரண்டே குறிகள் இடும் திருத்தம் பிழையின் மூலத்தை மறைத்துவிடுகிறது. மூலம் தெரியாமல் பிழையை நீக்க இயலாது.

4.0 இலக்கிய வினாக்கள்

வகுப்பில் ஆண்டு முழுதும் விளக்கப்பெற்ற கவிதையின் கருப்பொருளை எழுதுமாறு கேட்டால் விடை ஆசிரியர் குறிப்பிலிருந்தோ கடையில் விற்கும் வழிகாட்டி நூலிலிருந்தோ வரும். கவிதையைப் படிக்காமலேயே விடை எழுத முடியும் என்றால் அவ்வினா இலக்கியத் திறனை அளக்கவில்லை எனலாம்.

இந்தியப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் சரோஜினி நாயுடுவின் ‘கோரமண்டல் ஃபிஷர்ஸ்’ என்னும் கவிதையை எடுத்துக்கொள்வோம். 1905இல் வெளிவந்த ‘தி கோல்டன் திரெஷோல்ட்’ தொகுப்பில் உள்ளது இது. சோழமண்டலக் கடற்கரை மீனவர் விடியலில் கடலுக்குப் புறப்படுவதைப் பாடுவது. ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த ‘கட்டுமரம்’ என்னும் சொல்லும் இதில் வருகிறது. ‘இக்கவிதையில் வரும் “வீ” என்னும் சொல்லைத் தமிழில் நாம் என்பீரா, நாங்கள் என்பீரா? தெலுங்கில் மனமு என்பீரா, மேமு என்பீரா? காரணம் கூறுக’ என்று ஒரு வினா அமைக்கலாம்.

ஆங்கிலத்தில் உளப்பாட்டு வேறுபாடு இல்லை. தமிழில் எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வதற்கு மீனவர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதைக் கவிதையில் தேட வேண்டும். பேசுபவர் தம் உடன்தொழிலாளரை விளித்து அழைக்கிறார். கேட்போரும் அவருடன் கடலேறுவோரே. ஆகவே ‘நாம்’ என்பதே பொருந்தும். ‘நாங்கள்’ என எழுதினால் மீனவர் கரையில் நிற்கும் வேறொருவரிடம் தம்மைப் பற்றிக் கூறுவதாகக் கவிதையே மாறிவிடும். இவ்வொரு வினா பேசுபவர்–கேட்பவர் உறவு என்னும் இலக்கியக் கூறையும், தன்மைப் பன்மை என்னும் இலக்கணக் கூறையும், பொருளுணர்வையும் ஒருங்கே அளக்கிறது. வழிகாட்டி நூல் நாளை இவ்விடையையும் அச்சிடலாம் என்பது உண்மையே. வகுப்பில் பயின்ற இத்திறனைத் தேர்வில் முன்பின் கண்டிராத கவிதையொன்றில் காட்டச் செய்வதே அதற்குத் தீர்வு.

5.0 கருத்துப் பரிமாற்ற வினாக்கள்

ஆந்திர மாநில உயர்கல்வி மன்றம் 2020–21இல் திருத்திய பாடத்திட்டத்தில் உரையாடல் திறனுக்கென ஒரு தாளே வகுக்கப்பட்டது. நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் உரையாடலை எழுத்தில் மட்டும் தேர்வு செய்தால் இருவர் பேச்சையும் ஒரே மாணவர் எழுதுகிறார். மற்றவர் என்ன கூறுவார் என்னும் எதிர்பாராமை அங்கில்லை. கடித வினாவிலும் முகவரி, நாள், விளி, முடிப்பு ஆகிய வடிவக் கூறுகளே எளிதில் மதிப்பெண் பெறுகின்றன.

இவ்வட்டார மாணவர்க்கு உண்மையில் கடினமானது வேறு. தமிழர் ‘நீ–நீங்கள்’ என்றும் தெலுங்கர் ‘நுவ்வு–மீரு’ என்றும் மரியாதையைப் பெயரிலும் வினை விகுதியிலும் காட்டுகின்றனர். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே. மரியாதை தொடரமைப்புக்கு இடம்பெயர்கிறது. ‘அந்தப் படிவத்தைக் கொடுங்கள்’ என்பதன் பணிவை ‘குட் யூ’ போன்ற வினாத்தொடரால்தான் ஆங்கிலத்தில் கொணர முடியும். ஏவலாகப் பெயர்த்தால் விகுதியிலிருந்த மரியாதை மறைந்து கட்டளை மட்டும் எஞ்சும். விளிச்சொல்லாக ‘ரெஸ்பெக்டட் சார்’ என எழுதி மதிப்பெண் பெற்ற மாணவர் வங்கியிலோ நேர்முகத் தேர்விலோ பணிவறியாதவராகக் கருதப்படக்கூடும். மூன்றாண்டுத் தேர்வுகளில் எதுவும் அவருக்கு இதனை உணர்த்துவதில்லை.

6.0 மறுப்புகள்

முதலாவது மறுப்பு நம்பகம் பற்றியது. பல்லாயிரம் விடைத்தாள்களைப் பலர் திருத்தும்போது விடை ஒன்றேயான வினாக்களே சீரான மதிப்பெண் தரும் என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும் தவறான பொருளை எத்தனை முறை ஒரேபோல் அளந்தாலும் அளவு ஏற்புடையதாகாது. ‘காரணம் கூறுக’ என்னும் வினாக்களுக்கு ஏற்கத்தக்க விடைகளின் பட்டியலையும் மாதிரி விடைகளையும் முன்கூட்டியே தந்து திருத்துநர்க்குப் பயிற்சி அளித்தால் வேறுபாடு குறையும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு வினா தாய்மொழித் திறனையே அளக்கும் என்பது. நடை அழகுக்கு மதிப்பெண் தந்தால் அவ்வாறு நேரும். ‘அவன் வந்தானாம்’ என்பதிலுள்ள கேள்விப் பொருளை ஆங்கிலத்தில் எவ்வாறு காட்டுவது எனக் கேட்டு, அப்பொருள் வந்துள்ளதா என்பதற்கு மட்டும் மதிப்பெண் தந்தால் அளவு ஆங்கிலத்துக்கே உரியதாகும். உருது, கன்னடம் முதலிய மொழிகளைப் பேசுவோர்க்குத் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டும். இது இம்மண்ணுக்கு அயலான முறையன்று. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனபள்ளியில்தான் 1919இல் தாகூர் தம் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. வினாத்தாளை மாற்றினால் கற்பித்தல் மாறிவிடுமா? இலங்கையில் 1988இல் அறிமுகமான புதிய சாதாரணதர ஆங்கிலத் தேர்வின் விளைவை ஆராய்ந்த வாலும் ஆல்டர்சனும், வகுப்பில் கற்பிக்கும் பொருள் மாறியதேயன்றிக் கற்பிக்கும் முறை மாறவில்லை என 1993இல் கண்டனர். தேர்வுச் சீர்திருத்தம் ஆசிரியர் பயிற்சியுடன் இணைந்தாலன்றிப் பயன் தராது என்பதே இதன் பாடம்.

7.0 முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. இலக்கிய வினாக்களில் ஒரு பகுதியேனும் முன்பு படித்திராத பனுவலின்மேல் அமைய வேண்டும். இலக்கண வினாக்கள் பேசுபவர், கேட்பவர், நேரம் ஆகியவற்றைத் தந்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டும். உரையாடல் திறன் இருவர் எதிரெதிர் இருந்து பேசும் வாய்மொழித் தேர்வாலேயே அளக்கப்பட வேண்டும். அக மதிப்பீட்டிலேனும் இது இயலும். இருமொழி வினாக்கள் மூன்று பகுதிகளிலும் இடம்பெறலாம். மூன்று திறன்களின் மதிப்பெண்களும் சான்றிதழில் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும்.

இறுதியாகக் கூறியது செலவின்றி உடனே செய்யத்தக்கது. ஆங்கிலத்தில் 38 மதிப்பெண் பெற்ற மாணவர்க்கு அவ்வெண் ‘ஆங்கிலம் வராது’ என்ற ஒரே செய்தியைத்தான் தருகிறது. அவர் கவிதையை நன்கு உணர்பவராகவும் முன்னிடைச் சொற்களில் மட்டும் தடுமாறுபவராகவும் இருக்கக்கூடும். எங்குத் தடுமாறுகிறார் என்பதை அவருக்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் கூறாத தேர்வு, தேறியவர் தேறாதவர் எனப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்க்கு அது போதாது.