இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும்: ஐரோப்பிய ஐதிகத்தின் இரு வழக்குகள்

ஐரோப்பியக் கர்ண பரம்பரைக் கதைகளில் இரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் உள்ள இடத்தை ஆராயப் புகுகிறவர், நாவலும் சினிமாவும் அவ்விரண்டைப் பற்றி நம் மனத்தில் பதித்துவிட்ட சித்திரங்களை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வெளிறிய முகமும் கறுத்த அங்கியும் பிரபு வம்சத்துக்குரிய நாசூக்கும் கொண்ட காட்டேரி, 1819-ஆம் ஆண்டில் ஜான் பாலிடோரி என்ற இளம் வைத்தியர் எழுதி வெளிவந்த ஆங்கிலக் கதையில் உருவெடுத்து, 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் பூரணம் பெற்றவன். சூரிய ஒளி பட்டால் அவன் அழிந்துபோவான் என்பது 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப்படம் பரப்பிய கற்பனை. ஸ்டோக்கரின் பிரபுவோ பட்டப்பகலில் லண்டன் வீதியில் நடமாடுகிறான். பௌர்ணமிதோறும் உருமாறித் தன் கடிபட்டவர்களையும் தன் இனமாக்கிவிடுகிற ஓநாய் மனிதனும், பெரும்பாலும் 1941-இல் வெளிவந்த ‘தி வுல்ஃப் மேன்’ என்ற ஹாலிவுட் படமும் அதைத் தொடர்ந்து வந்த படங்களும் வார்த்தெடுத்த உருவமே. இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவது, காரணம் விளங்காத சாவுகளுக்கு நடுவே வாழ்ந்த குடியானவர்களின் பயமும், அந்தப் பயத்தைக் காகிதத்தில் பதிந்து வைத்த அதிகாரிகளின் சாட்சியமும்.

அந்தக் குடியானவர்கள் அஞ்சிய காட்டேரிக்கு உப்பிய வயிறும், சிவந்து கன்றிய முகமும், சுற்றிப் புதைத்த துணியுமே அடையாளங்கள். அவன் திரும்பி வருவது தான் வாழ்ந்த வீட்டுக்கு. முதலில் நாடுவது தன் மனைவி மக்களை. அதற்குப் பிறகே அண்டை அயலாரை. தற்கொலை செய்துகொண்டவர், ஞானஸ்நானம் பெறாமல் மாண்டவர், திருச்சபை விலக்கிவைத்தவர், கிடத்திய பிரேதத்தின் மேல் பூனையோ வேறு பிராணியோ தாண்டிப்போன துர்ப்பாக்கியத்துக்கு ஆளானவர் ஆகியோரே இப்படி எழுந்து வருவார்கள் என்று ஸ்லாவிய நாட்டார் நம்பினார்கள். அவர்கள் கண்ட பரிகாரங்களும் குடியானவனின் கைக்கு எட்டுகிற பொருள்களைக் கொண்டவை: பூண்டு, எண்ணி முடிக்காமல் அவனால் அகல முடியாதபடி சவக்குழியிலும் வழியிலும் இறைத்த தினையும் கசகசாவும், மார்பில் இறக்கிய முள்மரக் கழி. எழ முயன்றால் தலை அறுபடட்டும் என்று பிரேதத்தின் கழுத்துக்குக் குறுக்கே அறுவடை அரிவாளை வைத்துப் புதைத்த 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் போலந்தின் டிராவ்ஸ்கோ என்ற ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

விக்கிரமாதித்தன் கதையை அறிந்த நம் வாசகருக்கு இங்கே வேதாளத்தின் ஞாபகம் வருவது இயல்பு. அக்கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ரிச்சர்ட் பர்ட்டன், இரத்தக்காட்டேரியைக் குறிக்கும் வேம்பயர் என்ற ஆங்கிலப் பெயரையே வேதாளத்துக்குச் சூட்டியதனால் அந்த ஒப்புமை மேல்நாட்டிலும் பரவியது. ஆயினும் வேதாளம் அந்நியரின் சடலத்துள் புகுந்து குடியிருக்கும் ஆவி; பால்கன் நாட்டுக் காட்டேரியோ, ஊராரெல்லாம் பெயர் சொல்லி அழைத்த ஒருவன், தன் சொந்தச் சரீரத்தோடு திரும்பி வருபவன். தங்கள் தகப்பனையோ அண்ணனையோ தாங்களே தோண்டியெடுத்துக் கழியால் குத்த வேண்டி நேர்ந்த அந்த ஜனங்களின் துயரத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துவது அவசியம்.

அத்துயரம் உலகத்தின் காதுக்கு எட்டியது ஓர் உடன்படிக்கையின் விளைவாக. 1718-இல் பசரோவிட்ஸ் என்ற இடத்தில் துருக்கிய சுல்தானோடு செய்த சமாதானத்தின்படி வட செர்பியா ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு வந்தது. அதனோடு, அதுகாறும் ஜெர்மானிய அதிகாரிகள் கண்டிராத ஒரு வழக்கமும் அவர்களுடைய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1725-இல் கிசிலியெவோ என்ற கிராமத்தில் பெட்டார் பிளகோயெவிச் என்பவன் இறந்து பத்து வாரங்களுக்குப் பிறகு, எட்டே நாட்களில் ஒன்பது பேர் அடுத்தடுத்து மாண்டார்கள்; அவர்கள் மரணப் படுக்கையில், அவன் இரவில் வந்து தங்கள்மேல் படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சொன்னார்கள். அப்பகுதியை நிர்வகித்த ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரி, பெல்கிராடிலிருந்து உத்தரவு வரட்டும் என்று தாமதிக்கப் பார்த்தார். உத்தரவு வருவதற்குள் ஊரே அழிந்துபோகும், துருக்கியர் காலத்திலும் இப்படி நடந்ததுண்டு, அனுமதி இல்லையேல் வீடுவாசலை விட்டுப் போய்விடுகிறோம் என்று ஊரார் பிடிவாதமாக நிற்கவே, அவர் ஒரு பாதிரியாரை உடன் அழைத்துக்கொண்டு சவக்குழிக்குச் சென்றார். பிரேதத்தில் துர்நாற்றம் இல்லை. பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல் தெரிந்தது. தாடியும் நகமும் வளர்ந்திருந்தன. வாயில் இரத்தம் இருந்தது. கழியை இறக்கியபோது காதிலும் வாயிலும் புதிய இரத்தம் வழிந்தது என்றும், பிறகு உடலைச் சாம்பலாக்கினார்கள் என்றும் எழுதி அனுப்பிய அந்த அதிகாரி, இதில் ஏதேனும் தவறு இருந்தால் அதை, பயத்தால் தன்னை மறந்திருந்த ஜனக்கூட்டத்தின் மேல் சுமத்தும்படி வேண்டிக்கொண்டு கடிதத்தை முடித்தார். அக்கடிதம் அதே ஆண்டு ஜூலையில் வியன்னாப் பத்திரிகையில் அச்சாயிற்று.

மேற்கு மொராவா நதிக்கரையில் உள்ள மெத்வெஜாவில் நடந்த விசாரணை இன்னும் விரிவானது. துருக்கியர் பகுதியில் ஒரு காட்டேரி தன்னைத் துன்புறுத்தியதாகவும், அதன் குழியிலிருந்த மண்ணைத் தின்று அதன் இரத்தத்தைப் பூசிக்கொண்டு தப்பியதாகவும் சொல்லிவந்த ஆர்னால்ட் பாவ்லே என்ற எல்லைக் காவல்வீரன், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். பின்னர் நால்வர் மரணத்துக்கு அவனே காரணம் என்று ஊரார் அவன் உடலைக் கழியால் குத்தியபோது அது முனகியதாம். ஐந்து வருஷம் கழித்து, மூன்று மாதத்தில் பதினேழு பேர் மாண்ட சமயத்தில், யோஹான் ஃபிளூக்கிங்கர் என்ற படை வைத்தியர் 1732 ஜனவரியில் அங்கே வந்து, குழிகளைத் தோண்டுவித்து, ஒவ்வொரு பிரேதத்தையும் அறுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அக்குறிப்புகளில் என் மனத்தை விட்டு நீங்காதது, சுமார் அறுபது வயதான மிலிட்சா என்ற கிழவியைப் பற்றியது: உயிரோடிருந்த காலமெல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தவள் குழிக்குள் கொழுத்துக் கிடப்பதைக் கண்டு, அவளை இளமை முதல் அறிந்திருந்த வீரர்கள் திகைத்து நின்றார்கள். அழுகிய பிரேதங்களை மறுபடி குழியிலிட்டு, அழுகாதவற்றின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொராவாவில் கரைத்தார்கள். வைத்தியரும் அவருடைய துணைவர்களும் படை அதிகாரிகளும் கையொப்பமிட்ட அந்த அறிக்கையின் வழியாகவே வேம்பயர் என்ற பெயர் அவ்வாண்டிலேயே ஆங்கிலப் பத்திரிகைகள் வரை பரவிற்று.

அந்த ஊரார் கண்டதாகச் சொன்னதில் ஏறக்குறைய எதுவும் பொய்யில்லை. குளிர்காலத்து மண்ணில் ஆழப் புதைத்த பிரேதம் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கக்கூடும். உள்ளே உண்டாகும் வாயுக்கள் உடலை உப்பச் செய்து, மெலிந்தவரையும் பருத்தவராக்கும். அவ்வாயுக்களின் அழுத்தத்தால் இரத்த நிறமான திரவம் வாய்க்கும் மூக்குக்கும் ஏறும். மேல்தோல் கழன்றுபோனால் அடியிலுள்ள செந்தோல் புதியதுபோல் தோன்றும். தோல் சுருங்கி உள்வாங்குவதால் மயிர் வளர்ந்ததுபோலக் காணும். கழி இறங்கும்போது அடைபட்ட வாயு தொண்டை வழியே வெளியேறினால் அது முனகலாகக் கேட்கும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் பால் பார்பர் 1988-இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் பழைய அறிக்கைகளோடு பொருத்திக் காட்டியிருக்கிறார். அரிய இரத்த நோய் ஒன்றைக் காட்டி இந்த ஐதிகத்தை விளக்க முயன்றவர்களைவிட அவருடைய விளக்கமே எனக்குச் சரியாகப்படுகிறது. ஏனெனில் அந்நோயின் அடையாளங்கள் நாவல் காட்டேரிக்குப் பொருந்துமேயன்றி, மிலிட்சாவுக்குப் பொருந்தமாட்டா. கிராமத்தாரின் கண் பழுதற்றது. தொற்றுநோய் என்பது எவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்பதை எவருமே அறிந்திராத காலத்தில், முதலில் செத்தவரே மற்றவரை அழைத்துப் போகிறார் என்று அவர்கள் முடிவு கட்டியது அறியாமையானாலும் முட்டாள்தனம் ஆகாது.

கற்றவர்களும் வாதத்தில் இறங்கினார்கள். லைப்சிக் நகரத்து மிகாயேல் ரான்ஃப்ட் எழுதினார், பெனடிக்டின் மடாதிபதி அகுஸ்தீன் கல்மே 1746-இல் பெரிய நூலே வெளியிட்டார். இறுதியில் 1755-இல் மொராவியாவில் ஒரு பெண்ணின் பிரேதத்தைத் தோண்டி எரித்த செய்தியைக் கேட்டு மனம் கொதித்த மரியா தெரேசா மகாராணி, தம் அரண்மனை வைத்தியரான ஜெரார்ட் வான் ஸ்வீட்டனின் ஆலோசனைப்படி, இத்தகைய செயல்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். செத்தவருக்காக வாதாடிய அந்த வைத்தியரின் பெயர் டிராகுலாவின் பெயரைப்போல் பிரசித்தி பெறாமற் போனது வருந்தத்தக்கது.

வழக்கமோ கடல் கடந்தும் வாழ்ந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்ஸிடர் என்ற ஊரில், தாயும் இரு பெண்களும் க்ஷயரோகத்துக்கு இரையான ஒரு குடும்பத்தில், 1892 மார்ச்சில் இளைய மகள் மெர்ஸி பிரவுனின் இதயத்தை எடுத்து எரித்து, அந்தச் சாம்பலை நோயுற்றிருந்த அவள் தமையனுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் அவனும் இறந்தான். க்ஷயரோகக் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து வருஷமாகியிருந்தது.

ஓநாய் மனிதனின் சரித்திரம் இதனினும் பழமையானது, இதனினும் கொடியது. ஆர்க்கேடியாவின் அரசன் லிகாயோன் தேவனுக்கு நரமாமிசம் படைத்து ஓநாயான கதையைக் கிரேக்கர் சொன்னார்கள். நியூரியர் என்ற ஜாதியார் ஆண்டுக்கொருமுறை சில நாள் ஓநாயாவதாகத் தாம் கேட்டதை, தாம் நம்பாமலே ஹெரடோட்டஸ் எழுதி வைத்தார். ரோமானியர் பெட்ரோனியஸ் எழுதிய கதையில், நிலா வெளிச்சத்தில் கல்லறைகளுக்கிடையே ஆடையைக் களைந்து ஓநாயாகிய சிப்பாய் ஒருவன், ஓநாயுருவில் கழுத்தில் பட்ட ஈட்டிக் காயத்தோடு மறுநாள் படுக்கையில் கிடக்கிறான். விலங்கின் காயம் மனிதனிடம் காணப்படுவதாகிய இந்த அம்சம் பிற்காலக் கதைகள் அநேகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. மத்தியகாலத்தில் மாரி த ஃப்ரான்ஸ் என்ற பெண் கவி பாடிய ஓநாய்ப் பிரபுவோ, மனைவியின் துரோகத்தால் மனித உருவை மீட்க முடியாமல் அரசனின் காலடியில் தஞ்சம் புகும் இரக்கத்துக்குரிய பாத்திரம். ஆகவே ஓநாயாக மாறுகிறவர்களெல்லாரும் சைத்தானின் அடியார்கள் என்ற எண்ணம் ஆதியிலிருந்தே உள்ளதன்று. சூனிய விசாரணைகள் மும்முரமாக நடந்த பதினாறாம் நூற்றாண்டில்தான் அது சட்டத்தின் பலத்தைப் பெற்றது.

1573-இல் பிரான்ஷ்-கோந்தே பகுதியில் குழந்தைகள் காணாமற் போனபோது, டோல் நகரத்து நீதிமன்றமே ஓநாய் மனிதனை ஆயுதங்களோடு வேட்டையாடக் குடிகளுக்கு அனுமதி வழங்கியது. அகப்பட்ட ஏழைத் துறவி ஜீல் கார்னியே 1574 ஜனவரியில் உயிரோடு எரிக்கப்பட்டான். 1589-இல் கொலோன் நகருக்கு அருகே பெட்பர்க்கில் பீட்டர் ஸ்டும்ப், சித்திரவதைக்கு அஞ்சி, சைத்தான் கொடுத்த ஒட்டியாணத்தை அணிந்தால் தான் ஓநாயாவதாக ஒப்புக்கொண்டான்; அதை ஒளித்ததாக அவன் சொன்ன இடத்தில் தேடியும் கிடைக்காமற் போகவே, சைத்தானே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பான் என்று முடிவு செய்தார்கள். அவனைச் சக்கரத்தில் கட்டி வதைத்துக் கொன்றதோடு நில்லாமல், அவன் மகளையும் அவனோடு வாழ்ந்த பெண்ணையும் நெருப்பிலிட்டார்கள். அகப்படாத தடயத்தையே குற்றத்துக்கு ருசுவாகக் கொண்ட இந்த நியாயத்தையும் மெத்வெஜாவின் குழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிடத்திலும் ஜனங்கள் சாவுக்குக் காரணம் தேடினார்கள். செத்தவன்மேல் பழி போட்ட ஊர் ஒரு சடலத்தைச் சிதைத்துவிட்டு அமைதி அடைந்தது, உயிரோடிருப்பவன்மேல் பழி போட்ட ஊரோ மனிதர்களைக் கொன்றது. முன்னதைப் பிற்பாடு அரண்மனை வைத்தியர் வான் ஸ்வீட்டன் குறுக்கே நின்று தடுத்தார். மற்றதில் சர்க்காரின் நீதிபதியே முன்னின்று எரித்தார்.

எல்லா நீதிபதிகளும் அப்படியல்லர். 1603-இல் ஓநாய்த்தோலும் களிம்பும் தனக்கு வனத்தின் பிரபு தந்ததாகச் சொன்ன ஜான் கிரெனியே என்ற சிறுவனை போர்டோ நீதிமன்றம், அறிவு வளர்ச்சி குன்றியவன் என்று கண்டு, மரண தண்டனைக்குப் பதிலாக ஒரு மடத்தில் வாழும்படி அனுப்பியது. அக்காலத்துக்கு அது பெரிய கருணை.

இத்துறையில் ஆராய்ச்சியாளர்களை இன்றும் வியப்பில் ஆழ்த்தும் வழக்கு, ஸ்வீடன் ஆட்சியிலிருந்த லிவோனியாவில் 1691-இல் தொடங்கியது. கோயில் திருட்டு ஒன்றில் சாட்சி சொல்ல வந்த, எண்பது வயதைக் கடந்த தீஸ் என்ற கிழவன் ஊரறிந்த ஓநாய் மனிதன் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அவனோ அதை மறுக்கவே இல்லை. தானும் தன் தோழர்களும் ஆண்டில் மூன்று இரவுகள் ஓநாயுருவில் நரகத்துக்குப் போய், சூனியக்காரர்கள் திருடி ஒளித்த தானியத்தையும் நிலத்தின் விளைச்சலையும் மீட்டு வருவதாகவும், தன் மூக்கு உடைந்திருப்பது அங்கே ஒரு சூனியக்காரன் துடைப்பக்கட்டையால் அடித்ததனால் என்றும், ஓநாய் மனிதர்கள் கடவுளின் வேட்டைநாய்கள் என்றும் அவன் நிதானமாகச் சொன்னான். இத்தாலிய சரித்திராசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966-இல் வெளியிட்ட நூலில், பயிரைக் காக்க ஆவியுருவில் சூனியக்காரரோடு போரிடுவதாகச் சொன்ன ஃப்ரியூலி நாட்டு பெனான்தாந்திகளோடு இக்கிழவனை ஒப்பிட்டு, கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு பழைய பயிர்வளச் சமயத்தின் எச்சம் இது என்று வாதித்தார். ஒரே மனிதனின் வாக்குமூலத்திலிருந்து ஐரோப்பா முழுவதற்குமான ஒரு சமயத்தைக் கட்டியெழுப்புவது அளவுக்கு மீறியது என்று எனக்குப் படுகிறது. ஆனால் சைத்தானோடு செய்த ஒப்பந்தத்தை மட்டுமே அறிந்த நீதிபதிகள், தங்கள் கேள்விகளுக்குள் அடங்காத பதிலைக் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததை அந்த ஆவணம் தெளிவாகக் காட்டுகிறது. பாதிரியாரை வரவழைத்து மனந்திரும்பும்படி உபதேசம் செய்வித்தார்கள். தான் செய்தது நன்மையே என்று கிழவன் மறுத்துவிட்டான். 1692-இல் அவனுக்குக் கசையடியும் நாடுகடத்தலும் விதித்துத் தீர்ப்பளித்தார்கள்.