ஓதுதலும் எண்ணுதலும்: குழந்தைகளுக்கான எண்ணுப்பாடல்கள் பற்றிய ஒரு மறுபார்வை

தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினை கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். குழந்தைக்கல்வி பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பல இவ்விரு பொருளையும் சுட்டியே தொடங்குகின்றன. ஆயினும் எண்ணுதலுக்குச் சான்றாக அவை காட்டுவது பெரும்பாலும் ஓதுதலையே. ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையின் முன் புளியங்கொட்டைகளைக் குவித்து, 'ஏழு எடுத்துத் தா' என்று கேட்டால் அது கைநிறைய அள்ளித் தருவதும் உண்டு. ஒப்பித்தலைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேளாமல் விட்டதன் விளைவு, முதல் வகுப்பில் கூட்டல் தொடங்கும்போது வெளிப்படுகிறது.

எண்ணுதலின் உட்கூறுகளை 1978இல் கெல்மனும் கேலிஸ்டலும் வகுத்துக் காட்டினர். எண்ணுப்பெயர்கள் மாறா வரிசையில் வரவேண்டும்; ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்ற இணைப்பு வேண்டும்; இறுதியாகச் சொன்ன பெயரே தொகுதியின் அளவு என்ற தெளிவு வேண்டும். அவர்கள் கூறிய ஐந்து நெறிகளுள் இம்மூன்றுமே ஈண்டு இன்றியமையாதவை. இவற்றுள் மூன்றாவது எளிதில் வாய்ப்பதன்று. கேட்ட எண்ணிக்கையில் பொருள்களை எடுத்துத் தரச் செய்யும் சோதனையின் வழி கேரன் வின் 1990களின் தொடக்கத்தில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனை நிறுவின. குழந்தை முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் அறிகிறது. பின்னர் 'இரண்டு', அதன் பின்னர் 'மூன்று' எனப் பல மாதங்கள் கழிகின்றன. அக்காலம் முழுவதும் அதன் வாய் பத்து வரை ஓதிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வொளியில் எண்ணுப்பாடல்களை நோக்குதல் தகும். அவற்றின் பொது அமைப்பு யாவரும் அறிந்ததே: ஞாயிறு ஒன்று, கண்கள் இரண்டு, பசுவின் கால்கள் நான்கு, கைவிரல்கள் ஐந்து எனத் தொடங்கும் வரிசை வானவில்லின் ஏழு நிறங்களுக்கும் எண்திசைகளுக்கும் நவமணிகளுக்கும் ஏறிச் செல்லும். ஐந்து வரை குழந்தை தொட்டோ பார்த்தோ எண்ணக்கூடியவை; அதற்கு மேல் வருவன தகவல்கள். திசைகளை எட்டு என யாரும் எண்ணிக் காண்பதில்லை. எட்டு என்று கேட்டு அறிகின்றனர். இவ்வமைப்பின் வேர் நிகண்டு மரபில் உள்ளது எனலாம். திவாகரத்தின் பன்னிரண்டாம் தொகுதி, பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்களை எண் அடிப்படையில் தொகுத்துரைப்பது. எண்ணுப்பாடல் அத்தொகுதியின் மழலை வடிவம். சொல்வளத்திற்கு அது செய்யும் நன்மை பெரிது. எண்ணுப்பெயர்களின் வரிசையையும் அது நிலைப்படுத்துகிறது. எஞ்சிய இரண்டு நெறிகளையும் அது தீண்டுவதில்லை.

திண்ணைப்பள்ளியின் மனனப் பயிற்சியை இதற்கு முன்னோடியாகக் காட்டுவோரும் உளர். இவ்வாதம் மூலங்களை ஊன்றி நோக்காததால் எழுவது. எண்சுவடி எண்ணக் கற்பிக்கும் நூலன்று. பெருக்கல் வாய்பாடுகளே அதன் உள்ளீடு. பொன்னிலக்கமோ 1/320 ஆகிய முந்திரியில் தொடங்கி, சிறுகூறுகளைக் கூட்டிக்கூட்டி மேலேறுகிறது. நெல்லிலக்கம் செவிடு முதல் கலம் வரையிலான முகத்தலளவைகளைப் பயிற்றுகிறது. இவை அனைத்தும் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு உரியவை. இம்மனனம் பொருளற்ற ஒப்பித்தலன்று, கணக்கு நடைமுறையோடு பிணைந்த பயிற்சி என்பதைச் செந்தில்பாபு தம் ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆயின், எண்ணும் திறனை அப்பிள்ளை எங்கே பெற்றது என்ற வினா எழுகிறது. விடை சுவடிகளில் இல்லை; களத்திலும் வீட்டு முற்றத்திலும் இருக்கிறது.

களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பர். அடுத்து 'இரண்டு' எனத் தொடர்வர். நாட்டார் வழக்காற்றியலார் இதனை மங்கல வழக்காகக் குறித்து அமைவர். எண்ணுதலின் இயல்பு பற்றி இவ்வழக்கு உணர்த்துவது அதனினும் மிகுதி. வரிசையின் முதற்சொல் எண்ணுப்பெயரே அன்று; எனினும் கணக்குப் பிழைப்பதில்லை. ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு சொல் என்னும் இணைப்பும் அச்சொற்களின் மாறா வரிசையுமே கணக்கைத் தாங்குகின்றன. களத்தோரம் நின்று கேட்ட பிள்ளை பெற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

பல்லாங்குழி இன்னும் செறிவானது. பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக எழுபது விதைகள் என்பது பரவலான முறை. குழிக்கு ஒன்றாக விதையிட்டுச் செல்லுதல் ஒன்றுக்கொன்று இணைத்தலே. ஒரு குழியைத் தாண்டினாலோ இரு விதை போட்டாலோ எதிரில் இருப்பவர் உடனே தடுப்பார். பிழை திருத்தம் விளையாட்டிற்குள்ளேயே அமைந்துவிடுகிறது. ஒரு குழியில் நான்கு விதை சேர்ந்தால் அது 'பசு'. அதனை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. பார்த்த அளவில் நான்கு எனக் கண்டு எடுக்க வேண்டும். எண்ணாமலே சிறு தொகையை அறியும் இத்திறனுக்குத் தமிழில் கலைச்சொல் தேடுவோர் 'பசு' என்னும் ஆட்டச்சொல்லையும் கருதிப் பார்க்கலாம். இவ்வளவு இருந்தும், 'மகளிர் விளையாட்டு' என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிட்டதால் பல்லாங்குழி கணக்குக் கல்வியின் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. சுவடி கணக்காயர்க்குரியதாகவும் குழி பெண்டிர்க்குரியதாகவும் பிரிக்கப்பட்டதன் இழப்பு இது.

மொழியமைப்பும் கருதத்தக்கது. பத்திற்கு மேற்பட்ட எண்களில் தமிழ் ஆங்கிலத்தினும் தெளிவுடையது. 'பதினாறு' என்ற சொல்லிலேயே பத்தும் ஆறும் உள்ளன. தொண்ணூற்றில் இத்தெளிவு குலைகிறது. எண்பது வரை 'பது' என முடிந்த வரிசை திடீரென 'நூறு' எனும் ஒலியை ஏற்கிறது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி கூறி அமைக்கிறது. இலக்கணம் தனி விதி வகுக்க வேண்டியிருந்த இடத்தில் குழந்தை தடுமாறினால் அதனை மந்தம் எனல் முறையன்று. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒன்பது கட்டுகளைக் கண்முன் அடுக்கிய பிறகே அச்சொல்லை அறிமுகம் செய்தல் நன்று.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் அடிப்படை எண்ணறிவை வலியுறுத்துகிறது. ஆனால் மேற்கூறிய மூன்றாம் நெறி தளிர்ப்பது அதற்கு முந்திய அங்கன்வாடிப் பருவத்தில். அப்பருவத்தில் பாடலை விலக்க வேண்டியதில்லை. பாடி முடித்த குழந்தையிடம் 'மொத்தம் எத்தனை?' என்றும், அதே கொட்டைகளைக் கலைத்துப் பரப்பிவிட்டு 'இப்போது எத்தனை?' என்றும் கேட்க வேண்டும். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் குழந்தை இன்னும் ஓதும் நிலையில் உள்ளது. எண்ணாமலே 'ஏழுதான்' என்று சொல்லும் குழந்தைக்குக் கூட்டலைத் தொடங்கலாம்.